தக்கைப்பூண்டும் நகரி அம்மாவும்

1. திரும்பிப் போன டிராக்டர்

டிராக்டர் மண்ணைப் புரட்டும் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வரப்போரம் தயாராக நின்றது. வயலில் தக்கைப்பூண்டு இடுப்புயரம் வளர்ந்து பூ விடத் தொடங்கியிருந்தது. பசுந்தாள் உரமாக அதை மண்ணோடு மடக்கி உழ அதுதான் பருவம். தாமதித்தால் தண்டு நார் ஏறிவிடும், சீக்கிரம் மட்காது.

"இன்னைக்கு வோணாங்க மேடம்," என்றார் வயலுக்குச் சொந்தக்காரர் முனிரத்தினம். "வதினா வந்து பாத்துட்டு சொல்றேன்னுச்சி."

வதினா என்றால் அவர் மனைவி லட்சுமியின் அக்கா பத்மா. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் வாழ்க்கைப்பட்டவர். ஆந்திர அரசின் இயற்கை விவசாயத் திட்டத்தில் தன் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

நான் அப்போது திருத்தணி வட்டாரத்தில் உதவி வேளாண்மை அலுவலர். கே.ஜி.கண்டிகை பக்கம் எனக்குச் சில கிராமங்கள். முனிரத்தினத்தின் வயலில் மண் மாதிரி எடுத்தது நான். கரிமச்சத்து குறைவு என்று மண்வள அட்டையைக் காட்டி விளக்கியது நான். எங்கள் மாநில மண்வளத் திட்டத்தில் மானிய விலைக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்கிக் கொடுத்ததும் நான். உழலாமா வேண்டாமா என்று சொல்ல மட்டும் நகரியிலிருந்து ஆள் வரவேண்டுமா?

டிராக்டர் கிளம்பிப் போனது.

2. யார் பேச்சு

பத்மாவை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் டிரம்மில் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஜீவாமிர்தம் போட்டுக் காட்டுவார். தெலுங்கும் தமிழுமாகச் சத்தம் போட்டுப் பேசுவார். பெண்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நான் கூட்டம் போட்டால் டீ தீர்ந்ததும் ஆள் கலைந்துவிடும். பத்மாவுக்கோ டீயை அவர்களே போட்டுக் கொடுத்தார்கள்.

டிராக்டர் திரும்பிப் போன மறுநாள் பத்மா வயலுக்கு வந்தார். தக்கைப்பூண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இத இப்டி உழுது பொரட்டினா மண்ணுல கீற புழுவெல்லாம் இன்னா ஆவறது மேடம்? அறுத்து மேலயே மூடாக்கா போட்டுடலாமில்ல?"

"நெல்லு நடப்போற நிலம்மா இது. எப்படியும் சேறு அடிக்கணும். மேல மூடிக் கெடந்தா நாத்த எங்க நடுவாங்க?"

அவர் தங்கை கணவர் பக்கம் திரும்பினார். "ஆங், அதுவும் சரிதான். மரிதி, நெல்லுக்கு மேடம் சொன்ன மாதிரியே மடக்கிடு. மேட்டுல கடல போடுவியே, அங்க மட்டும் அறுத்து மூடாக்கு போடு."

அவர் வாதாடியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனாலும் முனிரத்தினம் டிராக்டருக்கு போன் போட்டது அவர் சொன்ன பிறகுதான். என் யோசனைதான் ஜெயித்தது, பத்மாவின் வாயால்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தோம். நானும் என் வேலை முடிந்தது என்று அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டேன்.

3. திட்டு வாங்குகிறவர்

அறுப்பு நேரத்தில் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே முனிரத்தினத்தின் களத்தைப் பார்த்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு பத்மா நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன்.

"உங்க அக்கா எப்ப வந்தாங்க?" என்று லட்சுமியிடம் கேட்டேன்.

"அது நடவுக்கும் வந்துச்சி, களைக்கும் வந்துச்சி மேடம். போன வருசம் அது பேச்ச கேட்டுத்தான் கடலைக்கு மருந்தடிக்காம வுட்டோம். பூச்சி வுழுந்து பாதி பூடுச்சி. அப்பவும் இங்கியேதான் இருந்துச்சி. இவுரு சோறு துன்ன வுடாம திட்டினாரு. அது பாட்டுக்கு துன்னுகினே கேட்டுகிச்சி."

நான் சொன்ன யோசனைகளும் சில வயல்களில் பொய்த்திருக்கின்றன. என்னைத் திட்டலாம் என்றால் நான் அங்கே இருந்ததில்லை. விதை கொடுக்கப் போவேன், போட்டோ எடுக்கப் போவேன். அவ்வளவுதான். பத்மாவுக்கு அங்கே தங்கை வீடு இருந்தது, எந்தத் திட்டமும் கொடுக்க முடியாத ஒன்று. எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அந்தப் பொறாமை இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த சாகுபடிப் பட்டத்தில், கொடுக்க எதுவும் இல்லாத நாட்களிலும் போனேன்.

"இன்னா மேடம், எதனா குடுக்கறாங்களா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"ஒண்ணும் இல்லங்க. பயிரப் பாக்க வந்தேன்."

ஒருமுறை அவர் பயிர் மஞ்சளடித்தது. "நீங்க சொல்லித்தான யூரியாவ கொறச்சேன்" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். நின்று கேட்டேன். திட்டி முடித்ததும் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விதையோடு போகிற நாளில் எல்லோரும் வரவேற்பார்கள். பயிர் கெட்ட நாளில் போங்கள்.

அதற்கடுத்த தடவை தக்கைப்பூண்டு பூத்தபோது முனிரத்தினம் போன் செய்தார். "மேடம், பூ வுட்டுடுச்சி. வதினாவையும் வரச் சொல்லிடறேன்."

"அவங்களுக்கு சாயங்காலமா சொல்லிக்கலாம். நான் வந்துகினே இருக்கேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.