ஒரு செக்கனில் பார்த்த மெஷின்

பலாபத்வலை என்ற ஊரில் மிளகு அரைக்கும் மில்லொன்று. வேலை நடுவில் மெஷினை அடிக்கடி நிறுத்துகிறார் என்று ஒப்பரேட்டர் சிராஜ் மீது முதலாளி ஹாஜியாருக்குக் கோபம். அதிர்வு அளப்பது என் தொழில் என்பதால் என்னை அழைத்திருந்தார்.

“பழுது மெஷின்லயா, இவன்லயான்னு பாத்துச் சொல்லுங்க சேர்.”

“கைய வச்சுப் பாருங்க சேர், நடுங்குது” என்றார் சிராஜ்.

“மோட்டார்னா நடுங்காம பாட்டா பாடும்?” என்றேன்.

மோட்டாரில் சென்சரை ஒட்டி, லப்டொப்பில் பதிவை ஓடவிட்டேன். எந்த மீடிறனில், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை, எவ்வளவு ஆட்டம் என்று பிரித்துக் காட்டுவது ஃபூரியர் மாற்றம். ஐம்பதில் உயரமான கோடு எழுந்தது. நம் கரண்டின் மீடிறனும் ஐம்பதுதான். எர்த் சரியில்லாத மில்களில் அந்த இரைச்சல் சென்சர் வயரில் ஏறிவிடும். அதுதான் இது, மெஷினின் ஆட்டமல்ல என்று முடிவுகட்டினேன்.

“மெஷின் நல்லா இருக்கு.”

அன்றே சிராஜை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சில நாட்களில் மோட்டாரின் பெயாரிங் உடைந்தது. “போறப்ப அவன்தான் ஏதோ செஞ்சிட்டுப் போயிருக்கான்” என்று ஹாஜியார் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்.

எனக்கு உறுத்தியது. பழைய பதிவைத் திறந்தேன். அது ஒரு நிமிடம் ஓடியிருந்தது. மிளகுத் தூசியில் தும்மித் தும்மி, வெளியே போகும் அவசரத்தில், நான் கணக்கிட்டது முதல் செக்கனை மட்டும். அவ்வளவு சிறிய துண்டில் நெருங்கிய இரண்டு மீடிறன்கள் ஒரே கோடாகத்தான் தெரியும். பதிவு நீண்டால்தான் அவை பிரியும். இத்தொழிலுக்கு வருபவர்கள் முதலில் படிப்பதே இதைத்தான்.

முழு நிமிடத்தையும் போட்டேன். கோடு இரண்டானது. ஐம்பதில் இருந்தது சின்னது. சற்றுக் கீழே, மோட்டார் சுழலும் வேகத்தில், பெரியது நின்றது. சிராஜ் இருந்தபோதே மெஷின் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

என் பெயர் கெடும் என்று உடனே சொல்லவில்லை. அதற்குள் சிராஜைப் பொலிஸுக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். பிறகுதான் ஹாஜியாரிடம் போனேன்.

“ஒங்க பேச்ச நம்பித்தானே சேர் அவன வெளிய போட்டேன்!” என்றார். முறைப்பாட்டை மீளப் பெற்றார்.

சிராஜிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

“ஊர்ல என்னைய கள்ளனப் பாக்குற மாதிரி பாக்குறாங்க சேர். வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்க. வந்து சொல்லுவீங்களா?”

போனேன். பள்ளிவாசல் கேட்டடியில் நின்று கரண்ட், மீடிறன், பதிவின் நீளம் என்று விளக்கத் தொடங்கினேன். ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு வேணாம் சேர். பிழை யார்ட?”

“என்னுடையது” என்றேன்.