ஏரியை அளக்க வந்தவன்

ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோரமாக நடக்கிறேன். மேடுபள்ளம் இல்லாத மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தகரக்கூரை வீடுகள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து வழியை மறிக்கிறாள்.

“ஏரிய அளக்க வந்தீங்களா சார்?”

“இல்லம்மா, சும்மா நடக்கறேன்.”

“போன மாசம் வந்த ஆளும் இதான் சொன்னாரு. மறுவாரமே செவுத்துல செவப்பு பெயிண்ட்ல குறி போட்டு, வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பையத் தொறங்க.”

திறக்கிறேன். கேமராவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகுகிறது. கொக்குகளைப் படமெடுக்க என்கிறேன். எனக்கே அது பொய்போல ஒலிக்கிறது.

திரும்பி நடக்கிறேன். ஈரக்கையோடு பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வருகிறாள். நான் ஏறிய பிறகு, நான் எங்கே இறங்குகிறேன் என்று கண்டக்டரிடம் கன்னடத்தில் விசாரிக்கிறாள்.