இடி கேட்டால் உருவும் கை

கம்ப்யூட்டரின் திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை விலக்கியபோது, உள்ளே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் அதை ஒதுக்கிய கைகள் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரை ஆட்டாமல் நேராக இழுத்தன.

“அதை எதுக்குடி கழட்டறே? அதுலதானே என் பாட்டெல்லாம் இருக்கு!”

“அதனாலதான் டீச்சரே கழட்டுறேன்” என்றாள் ரஜிதா.

காமாக்ஷி டீச்சர் கொச்சி மட்டாஞ்சேரியில் பாட்டு கற்றுத் தருபவர். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயி எட்டவில்லை. முன்பு பாடிப் பதிந்துவைத்த பாடங்களைப் போட்டுக்காட்டித்தான் இணையத்தில் வகுப்பு நடக்கிறது. பழைய விண்டோஸில் வகுப்புக்கான ஆப் திறப்பதை நிறுத்திவிட்டது.

ரஜிதா பக்கத்துப் பள்ளுருத்திக்காரி. ரிப்பேர் கடையில் பில் போட உட்கார்ந்தவள், மெக்கானிக்குகள் கைவிட்டதைப் பிரித்துப் பார்த்தே வேலை பழகினாள். பழையதன் மேல் புதியதை ஏற்ற மாட்டாள். பழைய டிஸ்க்கை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, புது டிஸ்க்கில்தான் புது விண்டோஸ் போடுவாள். அதற்கு முன்பே பாடங்களைத் தனியாக ஒரு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, முடிவு என்று ஓடவிட்டுக் கேட்டிருந்தாள். டீச்சர் அப்போதே பொறுமையிழந்திருந்தார்.

“ஒண்ணு ரெண்டு கேட்டாப் போறாதா? ஒரு சாயாகூடக் குடிக்காம படுத்தறயே!”

“ஒண்ணு ரெண்டு கேட்டா, அந்த ஒண்ணு ரெண்டுதான் பத்திரம், டீச்சரே.”

புது விண்டோஸ் ஏறத் தொடங்கியது. கரண்ட் போனாலும் நிற்காதிருக்கத் தன் யுபிஎஸ்ஸையும் கொண்டுவந்து மாட்டியிருந்தாள்.

“தானா அணையும், தானா வரும். யாரும் கை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயில் கை கழுவப் போனாள்.

அப்போது இடித்தது. துலா மாதத்து, அதாவது ஐப்பசி இடி. தெருவில் வீட்டுக்கு வீடு டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ் என்று எல்லாப் பிளக்கும் உருவப்படும் நேரம்.

ரஜிதா ஓடிவந்தபோது திரை இருண்டிருந்தது. டீச்சர் கையில் இரண்டு பிளக். யுபிஎஸ்ஸில் செருகியிருந்ததையும் விட்டுவைக்கவில்லை.

“டீச்சரே!”

“நான் என்ன பண்ண? இடி இடிச்சுது, கை தானாப் போயிடுத்து.” டீச்சரின் குரல் இறங்கியது. “என் பாட்டெல்லாம் போயிடுத்தா?”

கத்த வாயெடுத்த ரஜிதா, பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்துக் காட்டினாள். “பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல. இதை இடியும் தொடல, நீங்களும் தொடல.”

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அப்பறம் ஏண்டி மூஞ்சியை அப்படி வெச்சுண்டே?”

“முதல்லேருந்து திரும்பப் போடணுமே!”

இடி வைப்பீன் தீவுப் பக்கம் நகர்ந்த பிறகு மறுபடி தொடங்கினாள். இந்த முறை கை கழுவப் போகவில்லை. பிளக்கின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். புது விண்டோஸ் வந்ததும் பாடங்களை ஏற்றி, எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டாள். டீச்சர் இப்போது அவசரப்படுத்தவில்லை. வர்ணம் மேல் ஸ்தாயிக்கு ஏறிய இடத்தில் அவர் விரல் மட்டும் தாளம் போட்டது.

“பழைய டிஸ்க்கை அலமாரில வைங்க. கம்ப்யூட்டர் பக்கத்துல வேண்டாம்.”

எங்கோ மறுபடி உறுமியது. டீச்சரின் கை பிளக்கை நோக்கி எழுந்து, பாதி வழியில் நின்றது. அவர் ரஜிதாவைப் பார்த்தார்.

ரஜிதா கம்ப்யூட்டரை முறையாக அணைத்தாள். முன்பக்கத்துச் சிறு விளக்கு அணைந்ததும் பிளக்கைத் தானே உருவி, டீச்சர் கையில் வைத்தாள்.

“இந்தாங்க. இப்போ பிடிங்க.”