பூ கேட்ட நாள்

தம்பிக்கு இதய ஆப்பரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று சென்னிமலை முருகனிடம் பூ போட்டுக் கேட்பதாக எங்கள் வீட்டில் முடிவானபோது எனக்குப் பதினோரு வயது. தம்பிக்கு ஆறு.

பிறக்கும்போதே அவன் இதயத்தில் ஓட்டை இருந்தது. வேறு கோளாறுகளும் சேர்ந்திருந்தன. அவற்றின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. கொஞ்சம் ஓடினால் போதும், நாவல்பழம் தின்றவன்போல உதடு நீலமாகிவிடும். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வான். நாங்கள் குடியிருந்த கணபதியில் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் அவனை எப்போதும் அம்பயராகவே நிறுத்திவைத்தார்கள். அதைப் பெரிய பதவி என்று நினைத்து அவனும் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

வீட்டுக்குக் கீழேயே அப்பாவின் லேத் பட்டறை. பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். முடியளவு கூடினாலும் குறைந்தாலும் சரக்கு திரும்பிவிடும் என்பதால் அளந்து பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார். தம்பி விஷயத்திலும் அப்படித்தான். மூன்று டாக்டர்களைப் பார்த்து, அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மூன்று பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்தால் எல்லாப் பிள்ளைகளையும்போல ஓடலாம். மேசையிலிருந்து எழாமலும் போகலாம். செய்யாவிட்டால் இன்னும் சில வருடங்கள். அதற்குமேல் உறுதியாக யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தே அப்பா பாதி ஆளாகிப்போனார்.

"ஏனுங்க, நம்மளால ஆகாததை எத்தன நாளைக்குத்தான் கையிலயே புடிச்சுட்டு இருக்கறது? முருகனையே கேட்டுப்போடலாமுங்க" என்றாள் அம்மா. சென்னிமலை அவள் பிறந்த ஊர். அப்பா நோட்டை மூடினார். அதுதான் சம்மதம்.

மலைக்கு பஸ் போகும். ஆனால் படியேறித்தான் போகவேண்டும் என்று அம்மா வேண்டியிருந்தாள். தம்பியை அப்பா தோளில் உட்காரவைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவன் குரங்குகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்தான். பாதி மலையில் குனிந்து என்னிடம் கேட்டான்.

"அக்கா, ஆப்பரேஷன் பண்ணீட்டா நானே ஏறுவனா?"

"ஏறுவ."

"அப்ப அப்பாவ நாந் தூக்கிக்கறேன்."

அப்பா சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மண்டபத்தில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அம்மா இரண்டு வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்தாள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான் திரும்பித்தான் நின்றேன். தலையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டேன். வெள்ளைப் பூ வைத்த இலையின் ஓரம் கிழிந்திருந்தது.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, தட்டில் திரும்பக் கொண்டுவந்தார். "கண்ண மூடிட்டு ஒண்ண எடு அம்மணி" என்றார். மூடினேன். இமைக்கு நடுவே ஒரு கோடு மட்டும் திறந்திருந்தது. அந்தக் கோட்டின் வழியே கிழிந்த ஓரம் தெரிந்தது. எடுத்தேன்.

பொட்டலத்தைப் பிரித்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாமி வாய்திறந்து சொல்லிவிட்டது என்று பூசாரியிடமும், அடுத்து நின்ற முன்பின் தெரியாத அம்மாளிடமும் சொன்னாள். அப்பா பூவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் வாய் திறந்து தூங்கினார். சாமிக்கு ஒரு சின்ன உதவி செய்துவிட்ட திருப்தியில் நானும் தூங்கினேன்.

ஆப்பரேஷன் முடிந்து நான்காம் நாள் மதியம் தம்பி இறந்துபோனான். டாக்டர் வெளியே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகும் அப்பா, "இப்ப ஆக்ஸிஜன் எவ்வளவுங்க?" என்று கேட்டார். அப்பா மறுபடியும் அதையே கேட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நாமளாவா முடிவு பண்ணுனோம்? முருகனக் கேட்டுத்தானுங்களே செஞ்சோம். எதுக்குக் கூப்புட்டுக்கிட்டான்னு அவனுக்குத் தெரியுமுங்க." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், குளித்தாள், சோறு வடித்தாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். சாமி ஒன்றுமே சொல்லவில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். சாப்பிட்டது தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். தம்பியை இழந்த ஏக்கம் என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், பட்டறைக்கு இறங்கிப் போனேன். அப்பா தனியாக லேத்தில் நின்றிருந்தார். மோட்டார் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் சொல்லத் தொடங்கினேன். கிழிந்த இலை, இமை, எல்லாவற்றையும். அப்பா மோட்டாரை நிறுத்தினார். இரும்பைப் பிடித்திருந்த சக் சுற்றி ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"நீ எந்தப் பூவ எடுத்திருந்தாலும் நான் பண்ணித்தான் இருப்பேன் கண்ணு. டாக்டர்கிட்டத் தேதி வாங்கிப்போட்டுத்தான் மலைக்கே வந்தேன்" என்றார். "அம்மாகிட்டச் சொல்லாத. அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றார். பிறகு கழிவுத்துணியில் கையைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த வருடம் அம்மா மலைக்குக் கிளம்பினாள். அப்பா வரவில்லை. நான் போனேன், பக்தியால் அல்ல. அம்மா ஏதாவது கேட்டு, முருகன் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்ற பயத்தால்.

சன்னிதியில் கூட்டமில்லை. அம்மா கும்பிடவில்லை. முந்தானையை ஏந்தவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவள்போல, சும்மா நின்றாள். உதடுகூட அசையவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இறங்கும்போது கேட்டேன். "என்னங்கம்மா கேட்டீங்க?"

"ஒண்ணுங் கேக்குல கண்ணு."

"சாமிமேல கோவமா?"

இல்லை என்று தலையசைத்தாள். படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கீழே ஊர் முழுக்க வெயில் காய்ந்தது. "போலாம் வா" என்று எழுந்து எனக்கு முன்னால் இறங்கினாள்.

கோபமில்லை என்றதை நான் நம்பவில்லை. அம்மா சாமியைக் கைவிட்டுவிட்டாள், அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்து, அவள் பின்னாலேயே இறங்கினேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனபிறகும் ஒருத்தி அத்தனை படிகளும் ஏறிப் போய், சும்மா பார்ப்பதற்காகவே முருகன் முன்னால் நிற்பாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.