தளும்பத் தளும்ப ஒரு டேங்க்

"லீக்கக்கா" என்று யாராவது கூப்பிட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தோடு திரும்பிப் பார்த்து "என்ன?" என்றும் கேட்டுவிடுவாள். அப்படித் திரும்பித் திரும்பியே அந்தப் பெயர் அவளுக்கு நிலைத்துப்போனது.

பதினாறு வருடம் காஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போய், அடுப்புக்கு வரும் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி விடுகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பதுதான் வேலை. பிறகு கம்பெனிக்காரர்கள் கசிவைத் தானே கண்டுபிடித்துக் கத்தும் ஒரு கருவியை எல்லா வீட்டிலும் மாட்டிவிட்டு, இவள் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் கார் ரிப்பேர் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். இன்ஜின், பிரேக், கியர் என்று மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் சீண்டாத பாடம் ஒன்று ஓரமாகக் கிடந்தது. பெட்ரோல் ஆவி.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போய் ஊரை நாறடிக்காமல், ஒரு குழாய் வழியாகப் போய் கரி நிரப்பிய டப்பாவில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். இந்த ஏற்பாட்டில் ஊசிமுனை அளவு கோளாறு என்றாலும் வண்டியின் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். எங்கே கோளாறு என்று மட்டும் வாயைத் திறக்காது.

"அதையும் அதுவே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பாள் லீக்கக்கா.

மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்த வண்டிகள் எல்லாம் அவளிடம்தான் வரும். தகரக் கூரை போட்ட, இரண்டு கார் மட்டும் நிற்கக்கூடிய பட்டறை. பக்கத்தில் ஒரு சலவைக்கடை. புருஷன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். காலை முதல் மாலை வரை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருப்பவர், வீட்டுத் தகராறுகளில் மட்டும் எந்த மாடியிலும் இறங்க மாட்டார்.

அதனால்தான் நாத்தனார் புருஷன் தன் காரோடு பட்டறைக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும், "மாமா வர்றாராம். நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பார்த்து ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாத்தனார் புருஷனை அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, எதையும் அரைகுறையாக அவரால் பார்க்க முடியாது. முப்பது வருடம் பார்சல் கிடங்கில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் மேற்பார்வையாளராக இருந்தவர். லாரியில் ஒரு சாண் இடம் காலியாகப் போனால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை. அவர் டீ ஊற்றிக் கொடுத்தால், டம்ளரைத் தூக்க முடியாது, குனிந்து வாயை வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் தூக்க வேண்டும். அவர் அடுக்கிய சூட்கேஸைத் திறந்தால் துணிகள் எட்டிக் குதிக்கும்.

காரிலிருந்து இறங்கியதும் அவர் ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தார். கடகடவென்று உருண்டு விழுந்தவை ஏழு பெட்ரோல் மூடிகள்.

"லைட்டு எரியுதும்மா. மூடி லூசா இருந்தா எரியும்னு ஒருத்தன் சொன்னான். மாத்தினேன். எரிஞ்சுது. இன்னொருத்தனும் அதையேதான் சொன்னான். மறுபடி மாத்தினேன்."

"ஏழு தடவையாண்ணே?"

"எட்டு. எட்டாவது வண்டியில இருக்கு. மூணு வாரத்துல வண்டிக்கு மாசு டெஸ்ட். லைட்டு எரிஞ்சா ஃபெயில் பண்ணிருவான்."

டேஷ்போர்டில் அந்த விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "உங்க அண்ணி அதைப் பாத்துப் பாத்துப் பயப்படுறா" என்றார்.

லீக்கக்கா ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். ஆவிக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று அது வழக்கம்போலப் பட்டும் படாமலும் சொன்னது. எட்டு மூடிகளையும் ஒவ்வொன்றாகக் காற்றழுத்தம் வைத்துச் சோதித்தாள். எட்டும் பத்தரைமாற்றுத் தங்கம். அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

பிறகு புகை மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். டேங்க் குழாய்களுக்குள் வெள்ளைப் புகையைச் செலுத்தினால், எங்கே ஓட்டையோ அங்கே நூல்போல எட்டிப் பார்க்கும். கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு இழைப் புகையையும் காணோம். குழாயின் ஒரு மூட்டைக் கழற்றிப் பார்த்தபோது மட்டும் குபீரென்று பட்டறை முழுக்க நிரம்பியது. பக்கத்துக் கடையிலிருந்து சலவைக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கல்யாண மாப்பிள்ளை சட்டைங்க இது! நாளைக்கு அவன் மேல கார் வாடை அடிச்சா பொண்ணு என்ன நினைக்கும்?"

"கார் இருக்குன்னு நினைச்சுக்கும். போங்க" என்றாள் லீக்கக்கா வண்டிக்கு அடியிலிருந்தே.

மூட்டைத் திரும்ப மாட்டிவிட்டு யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள். ஓட்டை இல்லை. சரி. ஆனால் கரி டப்பாவுக்கு அந்தப் பக்கம், வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்றே ஒரு வாய் இருக்கிறது. அதன் வால்வு இப்போது திறந்துதான் இருக்கிறது. இவ்வளவு நேரத்துக்கு அங்கேயாவது புகை வந்திருக்க வேண்டுமே? வரக்கூடாத இடத்தில் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தவள், வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். பதினாறு வருடச் சோப்பு நுரைப் பழக்கம்! கசிவைத் தேடியே பழகிய கண்ணுக்கு அடைப்பு தட்டுப்படவில்லை. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். மேலே சைலன்சர் இருந்ததால் கைமுட்டியும் சேர்ந்து அடிபட்டது.

வால்வைக் கழற்றித் தட்டினாள். மிளகு மிளகாகக் கரித்துணுக்குகள் கொட்டின. டப்பாவைக் கழற்றியபோது கை கீழே இழுத்தது. உலர்ந்த கரி அப்பளக்கட்டுபோல லேசாக இருக்க வேண்டும். இது கல் மாதிரி கனத்தது. ஆட்டினால் உள்ளே களக் களக்கென்று சத்தம். ஆவி மட்டுமே போகவேண்டிய டப்பாவில் பெட்ரோலே குடியிருந்தது. ஊறி உடைந்த கரிதான் போய் வால்வை அடைத்திருக்கிறது.

"அண்ணே, பெட்ரோல் எப்படிப் போடுவீங்க?"

"எல்லாரும் போடுற மாதிரிதான்" என்றார் அவர். முகம் சற்று இறுகியது.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நாத்தனார் புருஷனை ஓரளவுக்கு மேல் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. புது டப்பாவும் புது வால்வும் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு, "வாங்கண்ணே, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவோம். வழியில பெட்ரோல் போட்டுக்கலாம்" என்றாள் ஒன்றும் தெரியாதவள்போல.

பெட்ரோல் பங்க்கில் அவர் கார் நுழைந்ததும், பெட்ரோல் போடும் பெண் நாசிலை அவர் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். பழகிய தூரம் அது. அண்ணன் நாசிலைச் செருகினார். சற்று நேரத்தில் டேங்க் நிறைந்து 'டக்'கென்று அது தானாக நின்றது. மற்றவர்களுக்கு அதோடு முடியும். அவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். நாசிலை ஓர் அங்குலம் வெளியே இழுத்து மறுபடி அழுத்தினார். டக். சொட்டுச் சொட்டாக விட்டார். டக். பிறகு இரண்டு கையையும் காரின் பின்பக்கம் வைத்து, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் ஆட்டினார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"உள்ளே காத்து அடைச்சுக்கிட்டு இருக்கும்மா. ஆட்டினா மேல வந்துரும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கொஞ்ச நாளாவே இவங்க குழாய் பாதியிலயே டக்குங்குது. நம்மளை என்னன்னு நினைச்சாங்க?"

லீக்கக்கா அந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் திணித்த பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போனது. ஊறி உடைந்த கரி காற்று வழியை அடைத்தது. காற்று வெளியேற வழியில்லாததால் நாசில் சீக்கிரமே நின்றது. சீக்கிரம் நின்றதால் இவர் இன்னும் திணித்தார். எட்டு மூடிகளையும் வரிசையாக மாட்டினாலும் இந்த மனிதரை மூட முடியாது.

வேறு வாடிக்கையாளராக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இது அண்ணன். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் அன்றைக்கும் எந்த மாடியிலும் இறங்கவில்லை. கடைசியில் அண்ணிக்கே போன் போட்டாள்.

அண்ணி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "முப்பத்திரண்டு வருஷமா நான் சொல்லி ஒண்ணு கேட்டிருக்காரா? வாயால சொன்னா ஏறாது. பேப்பர்ல எழுதி சீல் குத்திக் குடு. கிடங்கில அப்படித்தான் வேலை பாத்தார்."

மறுநாள் லீக்கக்கா அவர் டேங்க்கிலிருந்து பாதிப் பெட்ரோலைக் கேனில் இறக்கிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில், 'சுற்றறிக்கை. ஒன்று, நாசில் முதல் முறை டக் என்றதும் பெட்ரோல் போடுவதை நிறுத்தவும். இரண்டு, சோதனை முடியும்வரை டேங்க் பாதி அளவிலேயே இருக்க வேண்டும். மூன்று, வண்டியை ஆட்டக் கூடாது' என்று எழுதி, பட்டறை முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இதுல எண் இல்லையே?"

மூலையில் 'எண் 1' என்று எழுதிக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் பழைய உத்தியோகக் களை வந்துவிட்டது. ஆனால் உடனே வாடியது.

"பாதி டேங்க் எதுக்கும்மா?"

"டேங்க் ரொம்பி வழிஞ்சா கம்ப்யூட்டர் சோதனையே பண்ணாதுண்ணே. காலியா இருந்தாலும் பண்ணாது. பாதியா இருக்கணும். ராத்திரி முழுக்க வண்டி ஆறணும். காலையில கிளப்பினா அதுவே சோதிச்சுக்கும். அது முடியாம டெஸ்டுக்குப் போனா திருப்பி அனுப்பிருவாங்க."

அடுத்த பத்து நாள் அண்ணி வீட்டில் நடந்ததை அண்ணியே தினமும் போனில் சொன்னாள். முதல் நாள் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் நாள் காருக்குப் போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து, "பாதிதான் இருக்கு" என்று சாவு செய்தி சொல்வதுபோலச் சொன்னார். மூன்றாம் நாள் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டில் இருந்த தண்ணீர்க் குடுவை, உப்பு ஜாடி, பூச்சாடி எல்லாவற்றையும் விளிம்பு வரை நிரப்பினார். நாலாம் நாள் தலையணைகளைப் பிரித்து இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்தார்.

"கழுத்து ஒரு பக்கமா பிடிச்சுக்கிச்சு. ஆனா டேங்க்ல கை வைக்கலை. சுற்றறிக்கையை ஃபிரிஜ்ஜில ஒட்டி வச்சிருக்காரு" என்றாள் அண்ணி. குரலில் எரிச்சலோடு கொஞ்சம் ஆச்சரியமும் இருந்தது. அவள் சொல்லி இத்தனை வருடத்தில் எதையும் விட்டவரில்லை அவர்.

ஆனாலும் விளக்கு பற்றி அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் காலையில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க ஆறி, அழுத்தம் சேர்ந்திருந்த டேங்க், மூடி திறந்ததும் புஸ்ஸென்று மூச்சை விட்டுவிடும். ஸ்கேனரில் 'சோதனை முடியவில்லை' என்றே வந்துகொண்டிருந்ததன் காரணம், அண்ணி இதைப் போனில் சொன்னபோதுதான் லீக்கக்காவுக்குப் புரிந்தது. அன்றைக்கே 'எண் 2' வெளியானது. 'மூடியைத் தொடக் கூடாது.' சீல் இரண்டு குத்து.

அதற்கு மூன்றாம் நாள் ஸ்கேனரில் எல்லாம் பச்சை. டெஸ்ட் நாளில் லீக்கக்காவும் கூடவே போனாள். சோதனை அதிகாரி வயரை மாட்டி, திரையைப் பார்த்து, "ஓகே, அடுத்த வண்டி" என்றார். அவ்வளவுதான். அண்ணன் நகரவில்லை.

"சார், இன்னொரு தடவை பாருங்களேன்."

"எதுக்குங்க? பாஸ் ஆயிடுச்சே."

"பத்து நாள் பாதி டேங்கோட இருந்திருக்கேன் சார். ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்களே."

அதிகாரி லீக்கக்காவைப் பார்த்தார். அவள் அண்ணனின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிக் கூட்டிவந்தாள். காரில் ஏறியதும் அவர் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார். அடியில் விளக்கு எரியவில்லை.

"உங்கிட்ட முதல்லயே வந்திருக்கணும்மா. சொந்தக்காரங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வழியெல்லாம் சிரித்த முகமாகவே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து பெட்ரோல் பங்க் முதலாளி போன் செய்தார். "உங்க சொந்தக்காரர் ஒருத்தர் மூணு நாளா இங்கயே நிக்கிறாருங்க. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க."

போய்ப் பார்த்தாள். அண்ணன் கையில் சுற்றறிக்கையின் நகல்களோடு நின்றுகொண்டிருந்தார். ஓர் இளைஞர் அம்மாவைக் காரில் வைத்துக்கொண்டு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். டக் என்றதும் அண்ணன் கையை உயர்த்தினார். "கேட்டுச்சா தம்பி? அதோட நிறுத்து. கையை எடு." தம்பி மிரண்டுபோய் எடுத்தார். ஒரு தாள் அவர் கைக்குப் போனது.

"எல்லாருக்கும் சொல்லிட்டேம்மா" என்றார் அண்ணன் பூரிப்போடு. "இந்த ஏரியாவுல இனிமே ஒருத்தன் கரி டப்பாவும் கெடாது."

லீக்கக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பட்டறைக்கு இந்த மாதம் வந்த வண்டிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏழில் ஐந்து, டேங்க்கை ரொப்பி ரொப்பிக் கெடுத்துக்கொண்டு வந்தவை.

"அண்ணே" என்றாள் அவசர அவசரமாக. "அண்ணி தேடுறாங்க. கிளம்புங்க. இப்பவே."