தும்முனது மாமா, நக்குனது பூனை

எங்க வீட்டுப் பூனை ஒருதடவ தன் வயித்துக்குத் தானே மொட்ட போட்டுக்கிருச்சு. சாமிக்கு நேந்த மொட்டைன்னா தலையிலல்ல போடணும். இது அடிவயித்துல ஆரம்பிச்சு பின்னந்தொட ரெண்டும் வழிச்சு, உரிச்ச கோழி கணக்கா ஆயிப்போச்சு. வேற யாரும் செய்யல. அதுவே நக்கி நக்கிச் செஞ்சுக்கிட்டது.

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற பஸ்ஸு நிக்கிற ஊரு எங்க ஊரு. கரண்டு வந்த புதுசு. எங்கய்யா சுத்துப்பட்டியில கம்பு, கடலை வாங்கி உள்ரூம்புல மூட்டையா போட்டு வச்சு, லோடு சேந்ததும் டவுனுக்கு அனுப்புவாக. அந்த மூட்டைகளுக்குக் காவல் இந்தப் பூனைதான். அதுக்குப் பேரு கெடையாது. பூனைன்னு கூப்பிட்டா வரும், வராமயும் இருக்கும். மூட்ட மேல ராசாத்தி மாதிரி படுத்திருக்கும், எலி சத்தங் கேட்டா மட்டும் எறங்கும்.

அந்த ரூம்புக்குத்தான் எங்க மாமா குடி வந்தாக. அம்மாவுக்குத் தம்பி. திருச்சுழியில அத்தையோட சண்ட போட்டுட்டு ஒரு தகரப் பெட்டியோட வந்து எறங்கிட்டாக. சண்ட எதுக்குன்னா, மூக்குப்பொடிக்கு. மாமா பொடி போடுறது பிடிக்காம அத்தை டப்பாவத் தூக்கிப் பாழுங்கெணத்துல போட்டுட்டா. "அவளா வந்து கூப்பிட்டாத்தான் போவேன்"னு மாமா சொல்லிட்டாக. "அவுகளா வந்தாத்தான் கதவத் தொறப்பேன்"னு அங்க அத்தை சொல்லிட்டாளாம்.

மாமாவுக்குக் கட்டில் போடணும்னு மூட்டையெல்லாம் செவத்தோரமா ஒதுக்கி, கூரை மோட்டத் தொடுற மாதிரி அடுக்கிட்டாக. பூனைக்குப் படுக்க எடமில்லாமப் போச்சு.

அதுபோக தும்மலு. பொடி போடுறவுகளுக்கு நாளாவட்டத்துல தும்மலு மரத்துப் போயிரும்பாக. மாமாவுக்கு மரக்கல. கெணறு வெட்டுற எடத்துல வேட்டு வைப்பாகல்ல, அந்த மாதிரி இருக்கும். வேட்டுக்காரனாவது முன்னாடி ஒரு சத்தங் குடுப்பான், மாமா அதுவும் குடுக்க மாட்டாக. தும்முன ஒடனே பூனை ஒரே தாவுல பரணுக்குப் போயிரும். அங்க உக்காந்து வயித்த நக்கும். நக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வேட்டு.

அம்மா சொறின்னு முடிவு பண்ணிட்டா. வேப்பெண்ணெய எடுத்துத் தடவுனா. பூனை மேல எத அப்புனாலும் அது நக்கித்தான் எடுக்கும்னு அந்தப் புண்ணியவதிக்குத் தோணல. கசக்கக் கசக்க நக்குச்சு. அடுத்து மஞ்சளக் கொழச்சுப் பூசுனா. வயிறு மஞ்ச, மூஞ்சி மஞ்ச, பூனை முளைப்பாரி தூக்கப் போற மாதிரி இருந்துச்சு. முடி மட்டும் வரல.

எனக்கு பள்ளிக்கூடத்த விட இது நல்லாருந்துச்சு. பூனை பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். சொறின்னா பொருக்குத் தட்டணும். இது வயிறு மொழுமொழுன்னு இருக்கு. மாமா தும்முனா பூனை நக்குது. மாமா கம்மாய்ப் பக்கம் போயிட்டா எறங்கி வந்து பால் குடிக்குது. அம்மாட்ட சொன்னேன். அவ என் வாயப் பொத்துனா.

"மெதுவாப் பேசுடி. ஒம் மாமா காதுல விழுந்துறப் போகுது."

பொண்டாட்டி கூடப் பொறந்தவன எப்பக் கெளம்புறன்னு கேட்டா, கேட்டவனுக்குக் கொழம்புல உப்பு இருக்காது. அய்யாவுக்கு அது தெரியும். பரண்ல கெடக்குற பூனை எலி பிடிக்கல, எலி மூட்டையக் கடிச்சு கடலை சிந்துது. சாப்பிட உக்காந்த அய்யா உள்ரூம்புப் பக்கம் பாத்துச் சத்தமாச் சொன்னாக.

"சோலி பாக்காம மூணு வேளையும் திங்கிறத எல்லாம் வீட்டுல வச்சுக்கிட்டு இருக்க முடியாது. வெள்ளிக்கெழம சாக்குல கட்டி அங்கிட்டு வீரசோழன் ஊருல கொண்டு போயி விட்டுட்டு வந்துருவேன்."

"எதச் சொல்றீக?"ன்னு கேட்டா அம்மா.

"பூனையச் சொல்றேன். ஒனக்கு என்னன்னு பட்டுச்சு?"

அம்மா ரசத்த ஊத்துன வேகத்துல பாதி அய்யா வேட்டியில. உள்ள இருந்து மாமா, "பாவம் அத்தான், வாயில்லாத சீவன்"ன்னாக. சொல்லிட்டுத் தும்முனாக.

எனக்கு அழுகையா வந்துச்சு. வீரசோழன்ல விட்டா பூனை யாரு வீட்டுக்குப் போகும், மொட்ட வயித்தோட?

வியாழக்கெழம அம்மா என்னையக் கூட்டிக்கிட்டு திருச்சுழி கோயிலுக்குக் கெளம்பிட்டா. சாமி கும்பிட்டதும் அத்தை வீட்டுத் தெருமொனையில வந்து நின்னுக்கிட்டா.

"நான் வரல. தம்பிகூடச் சண்ட போட்டவ வீட்டு வாசல்ல நான் போயி நிக்கவா? நீ மட்டும் போயித் தண்ணி வாங்கிக் குடி. கேட்டா பூனைக்குச் சொகமில்லன்னு சொல்லு."

அத்தை தண்ணி குடுத்துட்டு, "எல்லாரும் சொகமா?"ன்னா.

"பூனைக்குத்தான் சொகமில்ல."

"ஒழுங்காச் சாப்புடுறாகளா?"

பூனைக்கு இம்புட்டு மருவாதி குடுக்குறாளேன்னு எனக்கு ஆச்சரியம். "கருவாடு வச்சாத் திங்குது. சோறு வேண்டாங்குது."

அத்தை கொஞ்சம் முழிச்சா. "ராத்திரி தூங்குறாகளா?"

"எங்க தூங்குது? மாமா தும்முறாக, அது பரண்ல ஏறி வயித்த நக்குது. முடியெல்லாம் போச்சு. நாளைக்கு அய்யா சாக்குல கட்டப் போறாக."

அத்தை முந்தானைய வாயில வச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. தோளு குலுங்குச்சு. பூனைக்காக அழுகுறான்னு நெனச்சேன், நல்ல மனசுக்காரின்னு.

மறுநா மொதப் பஸ்ஸுல வந்து எறங்கிட்டா. வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி, "பூனைக்குச் சொகமில்லன்னாக, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வேற சோலி இல்ல"ன்னா.

அய்யா சாக்கக் கீழ போட்டுட்டு, "வாம்மா, பூனை உள்ரூம்புல இருக்கு. போயிப் பாரு"ன்னாக.

"பூனை ஏங் கையிலல்ல இருக்கு"ன்னேன். அம்மா நறுக்குன்னு ஒரு குட்டு வச்சா.

அத்தை உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. பெறகு ஒரு தும்மலு. பூனை ஏந் தோளப் பெறாண்டிட்டுத் தெருவப் பாத்து ஓடுச்சு. பெறகு ரெண்டு பேரும் சிரிக்கிறாக. புதுப் பொடி டப்பா ஒண்ணு அத்தையே வாங்கிட்டு வந்திருக்கா.

சாயங்காலம் மாமா பெட்டியோட வெளிய வந்தாக. "பூனைக்கு எடம் பத்தல அத்தான். அதான் கெளம்புறேன்."

"இருந்துட்டுப் போகலாம்ல மாப்ள"ன்னு சொல்லிக்கிட்டே அய்யா பெட்டிய வாங்கிக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்திட்டாக.

மூட்டைகளப் பழைய மாதிரி எறக்கிப் போட்டோம். தெருவுல இருந்து திரும்பி வந்த பூனைக்கு எண்ணெயும் தடவல, மஞ்சளும் பூசல, அதத் தூக்கிக் கொஞ்சவும் இல்ல. மூட்ட மேல ஏறி மோந்து மோந்து பாத்துச்சு, படுத்துச்சு, ரெண்டு நா எந்திரிக்கவே இல்ல. பெறகு பூசணிப் பிஞ்சு மேல இருக்குமே, அந்த மாதிரி வயித்துல சொனையா முடி வந்துச்சு. பொங்கலுக்கு முழுப் பூனையா ஆயிருச்சு.

எனக்கு அத்தை மேலதான் கோவம் அடங்கல. பூனையப் பாக்கன்னு பஸ்ஸு ஏறி வந்தவ, அதத் தொட்டுக்கூடப் பாக்கல. போகும்போது பூனை எங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்பறம் எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பொட்டலம் பொட்டலமாச் சேவும் முட்டாயியும் வாங்கிட்டு வருவா. பூனைக்கு ஒரு கருவாட்டுத் தல கெடையாது. திங்கிறதத் தின்னுட்டு அம்மாட்ட கேப்பேன், எனக்கு எதுக்கு இதெல்லாம், நானா முடி கொட்டிக் கெடந்தேன்னு.