ஒரு தடவைதான் கேட்டேன்

தொண்ணூறுகளில் மில் வேலையாக இங்கிலாந்து போயிருந்தபோது, ஒரு விடுமுறையில் வாடகைக் காரில் வேல்ஸ் கடற்கரை ஊர் ஒன்றுக்குத் தனியாக ஓட்டிப் போனேன். வழியெல்லாம் புல்வெளி, செம்மறியாடுகள். பக்கத்து சீட்டில் வரைபடம் மட்டும்.

தங்கிய வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "சாப்பிடுகிறீர்களா?" என்றார். நல்ல பசி. இருந்தும் "வேண்டாம்" என்றேன். கோயமுத்தூரில் முதல் தடவையே தலையாட்ட மாட்டோம். மறுபடி கேட்பார்கள், அப்புறம்தான் உட்காருவோம். அந்த அம்மாள் சரியென்று சிரித்துவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை.

ஜன்னலில் கடலைப் பார்த்தபடி பட்டினியாக உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஊரிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்புமுன் மனைவியிடம், "நீயும் வாரியா அம்மணி?" என்று கேட்டிருந்தேன்.

"எனக்கெதுக்குங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

ஒரு டிக்கெட் போட்டேன்.

அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. மறுபடி கேட்பேன் என்று, என் பெட்டியை அடுக்கி முடிக்கும்வரை காத்திருந்திருப்பாள்.